மேல் விளிம்பில் கறுப்பு, முன் விளிம்பில் பச்சை

ஐயா,

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. நான் வேலை பார்க்கும் இடத்தில் வாங்கித் தரும் பேனாக்கள் இரண்டாம் பக்கத்திலேயே மூச்சை விட்டுவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கும் கோர்வையாக வரும்.

பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டு காதுக்குக் கீழே விரலை வையுங்கள். கெட்டியாக ஒன்று புடைத்துக்கொண்டு வருகிறதல்லவா, அதுதான் மெல்லும் தசை. அந்தத் தசையும் அதன் மேலிருக்கும் தோலும் எப்படிச் சேர்ந்து மூப்படைகின்றன என்பதுதான் எங்கள் மேடத்தின் ஆராய்ச்சி. பல் மருத்துவக் கல்லூரியின் பின்புறம் எங்கள் அறை. யாருக்காவது தாடையில் அறுவை சிகிச்சை நடந்தால் ஒரு துணுக்கு வரும். அதை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது என் வேலை. துணுக்கு தனியாக வந்துவிட்டால் எது மேல், எது முன் என்று தெரியாது. ஆகவே மேல் விளிம்பில் கறுப்பு மை, முன் விளிம்பில் பச்சை மை தடவுவோம். மையைத் தொடாமல் நான் கத்தியைத் தொட மாட்டேன்.

அண்ணன் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். ஒலிபெருக்கிக்கே அவரைக் கண்டால் கூச்சம். அந்த வாயை வைத்துத்தான் எங்கள் குடும்பம் நடந்தது. வீட்டுக்கு வந்தாலும் கடையை மூட மாட்டார். என் வேலையைப் பற்றி நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அதை அவர்தான் முடித்து வைப்பார்.

"நம்ம பென்சில் சீவி இன்னைக்கு யார் கன்னத்தைச் சீவிட்டு வந்திருக்கார்னு கேளு," என்பார் அண்ணியிடம்.

"சும்மா இருங்க, அவர் சாப்பிடட்டும்," என்று அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வார். அடக்கியது நிற்காது. வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன். எனக்கு அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

போன மாதம் மேடம் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி, "எல்லாம் நோய் வந்த தசையாவே வருது. நல்லா உழைச்ச, ஆரோக்கியமான தசை ஒண்ணு மேல்தோலோட கிடைச்சா எப்படி இருக்கும்," என்றார். மழை பெய்தால் தேவலை என்று சொல்வோமே, அப்படித்தான் சொன்னார். எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது.

அந்தச் சமயம் பார்த்து அவரும் கண்ணாடி முன் நின்று தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"டேய், இங்க வா. இந்தப் பக்கம் மட்டும் வீங்கினாப்ல இல்ல?"

ஒரே பக்கமாக மென்று மென்று தசை பருத்திருந்தது. விரலை வைத்ததுமே தெரிந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. விரலை எடுக்காமலே சொன்னேன்.

"கட்டியா இருக்கலாம்ணா. சின்னதா ஒரு துண்டு எடுத்துப் பார்த்துடலாம். அண்ணிகிட்ட இப்போ சொல்லாதீங்க."

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "நீ பார்த்துக்குவேல்ல?"

"நான் இருக்கேன்லண்ணா."

விடுமுறை நாளில் அறைக்கு அழைத்துப் போனேன். மரத்துப்போக வைக்கும் ஊசியைக் கல்லூரி அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். நாற்காலியில் சாய்ந்தவர் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். தோலும் தசையுமாகத் தபால்தலை அளவு எடுத்தேன். தையலையும் ஒழுங்காகத்தான் போட்டேன். சட்டைப் பொத்தானை நானே தைத்துக்கொள்கிறவன்.

மறுநாள் அவர் வாய் ஒரு பக்கமாகத் தொங்கியது. அண்ணி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். என் வேலைக்கு ஆபத்து வந்துவிடுமென்று, கண்ணாடிக் கதவில் மோதிக்கொண்டதாக அண்ணன் அங்கே குழறிக் குழறிச் சொல்லியிருக்கிறார். அந்த டாக்டரம்மா எங்கள் அறைக்குத் துணுக்குகள் அனுப்புகிறவர். கட்டைப் பிரித்துப் பார்த்தவர், "ஏங்க, உங்க வீட்டுக் கதவு மையால குறி போட்டுட்டுத்தான் வெட்டுமா?" என்று கேட்டாராம். துணுக்கில் தடவ வேண்டிய மையைப் பழக்க தோஷத்தில் கன்னத்திலேயே தடவிவிட்டு வெட்டியிருக்கிறேன். மேலே கறுப்பு, முன்னால் பச்சை. பாதி மை காயத்தின் ஓரத்தில் தங்கிவிட்டது. இந்தத் தொழிலில் இல்லாதவனுக்கு இந்தத் தவறு வராது.

நரம்பைப் பற்றிக் கேட்டீர்கள். உதட்டுக்குப் போகும் நரம்பு அந்தத் தசையின் மேலேதான் ஓடுகிறது. அதைத் தொடாமலும் எடுத்திருக்கலாம். தேடிப் பிடித்துத்தான் வெட்டினேன். ஆராய்ச்சிக்கு அது தேவையா என்றால், தேவையில்லை. ஒரு முழுமைக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். துணுக்கு இன்னும் மெழுகில்தான் இருக்கிறது, சீவவில்லை. அதற்கென்ன அவசரம். நரம்பு இனி ஒட்டாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். சந்தையிலும் ஏலத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

நேற்று அண்ணன் என்னைப் பார்க்க வந்தார். லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "சாப்பிட்டியாடா?" என்றார். 'ப' வர வேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. இருந்தாலும், கேட்கவில்லை என்று சொல்லித் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். ஆராய்ச்சி செய்கிறவனுக்கு அந்த அளவு ஆர்வம் இருக்கத்தானே செய்யும்.