அகர வரிசைப்படி

டீயை நான் ஆறவிட்டுத்தான் குடிப்பேன். நீங்கள் வாங்கிக் கொடுத்ததை மதிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், மேடம். எதிலும் அவசரம் எனக்கு ஒத்துவராது. ஆபீஸில் என் பட்டப்பெயரே 'நிதானம்'தான்.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. நோயாளி, மருந்து, வார்டு என்று ஒவ்வொன்றுக்கும் நிரலில் கிளாஸ் என்று ஒரு வார்ப்பு இருக்கும். விவரங்கள் கிடப்பதோ டேட்டாபேஸில், டேபிள் டேபிளாக. இந்த கிளாஸ் அந்த டேபிளுக்கு, இந்தச் சொல் அந்தக் கட்டத்துக்கு என்று யாராவது முடிச்சுப் போட வேண்டும். வருடக்கணக்காக அதை நான் கையால் எழுதி வந்தேன். என் முடிச்சு ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை.

பிறகு புது லீடர் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். வந்த வேகத்தில் நான் எழுதியதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, முடிச்சுகளை மென்பொருளே போட்டுக்கொள்ளும்படி அமைத்தார்.

"அண்ணா, இதெல்லாம் இப்ப தானாவே பண்ணிக்கும். நீங்க ஏன் மாங்கு மாங்குன்னு எழுதிட்டு இருக்கீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

தானாகச் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வாமைப் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 'ஒன்றுமில்லை', அப்புறம் அகர வரிசையில் ஆஸ்பிரின், சல்ஃபா, பென்சிலின். ஒருவருக்குப் பென்சிலின் ஆகாது என்றால், மென்பொருள் பென்சிலின் என்று எழுதி வைக்காது. பட்டியலில் எத்தனையாவது சொல் என்ற எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளும். வரிசை மாறாதவரை தொல்லையில்லை. நடுவில் புதிதாக ஒன்று நுழைந்தால் பின்னால் நிற்பவை எல்லாம் ஓரிடம் தள்ளிப் போகும். பழைய எண்கள் மட்டும் அப்படியே இருக்கும்.

இதை ஆரம்பத்திலேயே கவனித்துவிட்டேன். லீடரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரே வரியில் திருத்திவிட்டு, "தேங்க்ஸ்ணா" என்று போயிருப்பார். அதில் அவர் என்ன பாடம் கற்றிருக்க முடியும்?

ஒருநாள் ஸ்கேன் பிரிவிலிருந்து அயோடினையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்கள். கடைசியில் சேர்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான் அகர வரிசைப்படி ஆஸ்பிரினுக்கு முன்னால் சேர்த்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. சரிபார்க்க வேண்டிய லீடர், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பி அனுமதி கொடுத்தார். மறுநாள் காலை அது மருத்துவமனைக்குப் போனது. பென்சிலின் ஆகாதவர்கள் எல்லோரும் அன்றிலிருந்து திரையில் சல்ஃபா ஆகாதவர்கள்.

யாருக்காவது உடம்பு தடிக்கும், புகார் வரும், லீடர் தலைகுனிந்து நிற்பார். என் கணக்கு அவ்வளவுதான்.

வந்தவர் ஒரு தையல்காரர். விரலில் ஊசி ஏறிச் சீழ் வைத்திருந்தது. அவர் மனைவி கட்டிலோரம் நின்றிருக்கிறார். வார்டில் நடந்த பேச்சை விசாரணையில் படித்துக் காட்டினார்கள்.

"அந்த ஊசி இவருக்கு ஆகாதும்மா. சேர்க்கும்போதே சொன்னோமே."

"சல்ஃபாதான் ஆகாதுன்னு இருக்கு. நீங்க பேரைக் குழப்பிக்கறீங்க."

அந்த நர்ஸ்மேல் தப்பில்லை, திரையில் இருந்ததைத்தான் சொன்னார். கம்ப்யூட்டருக்குத் தெரியாததா தனக்குத் தெரிந்துவிட்டது என்று அந்த அம்மாவும் அடங்கிவிட்டார். ஊசி இறங்கிய கையோடு தையல்காரருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அவர் பிழைக்கவில்லை.

எனக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் நடந்த நல்லதையும் பார்க்க வேண்டும். லீடரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முடிச்சுகளை மறுபடியும் கையால் எழுதுகிறோம். அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள், நானாகக் கேட்கவில்லை. மருத்துவமனை இன்று முன்னைவிடப் பத்திரமாக இருக்கிறது. இதையும் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொண்டால் நியாயமாக இருக்கும். ஓர் உயிர் போகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை, மேடம்.

புதுப் பட்டியல் மருத்துவமனைக்குப் போன அன்று காலை என் போனிலிருந்து அங்கே போன அழைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அது என் தங்கைக்கு. பித்தப்பைக் கல்லை எடுக்க அதே மருத்துவமனையில் சேர்ந்திருந்தாள். அவளுக்கும் பென்சிலின் ஆகாது. சின்ன வயதில் அந்த ஊசியால் செத்துப் பிழைத்தவள், தூக்கிக்கொண்டு ஓடியவனே நான்தான்.

"யார் ஊசியோட வந்தாலும் பென்சிலின் ஆகாதுன்னு வாயால சொல்லு. கையிலயும் பெரிசா எழுதி வச்சுக்கோ," என்றேன்.

"அதான் கம்ப்யூட்டர்ல இருக்கேண்ணா? உன் கம்பெனி கம்ப்யூட்டரை நீயே நம்பலன்னா எப்படி?" என்று சிரித்தாள்.

"இருக்கட்டும். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். நன்றாக இருக்கிறாள். கூடப்பிறந்தவளுக்கு ஒரு போன் செய்தது குற்றமென்றால், அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.