தாகத்தின் நன்மைகள்

இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட நான் வகுப்புக்குத் தாமதமாகப் போனதில்லை. மின்சார ரயில் குரோம்பேட்டையில் நின்றுபோனால் இறங்கி நடந்தே தாம்பரம் வந்துவிடுவேன். தேவானந்தம் சார் ஒழுங்கானவர் என்று கல்லூரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விசாரிக்க வந்திருக்கிறீர்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் நடத்துவது ஆங்கில இலக்கியம். பி.ஏ. இரண்டாம் ஆண்டுக்கு இருநூறு வருஷத்துக்கு முந்தைய அங்கத நாவல் ஒன்று பாடம். ஒரு வாக்கியமே அரைப் பக்கம் ஓடும். ஆசிரியர் முகத்தில் சிரிப்பே காட்டாமல் ஊரையே கிண்டல் செய்கிறார் என்று விமரிசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அங்கதத்தின் ஏழு இயல்புகளை நான் சொல்லச் சொல்லப் பெண்கள் எழுதிக்கொள்வார்கள். நல்ல மார்க்கும் வாங்குவார்கள். யாரும் சிரித்ததில்லை.

தொண்ணூற்றிரண்டில் யூனிஸ் தற்காலிக விரிவுரையாளராக வந்தாள். என் மகள் வயசு. பக்கத்து வகுப்பில் அதே நாவல். நடுவே பலகைத் தடுப்புதான். அவள் விளக்கம் ஒன்றும் சொல்லமாட்டாள், சும்மா வாசிப்பாள். அந்தப் பக்கம் அறுபது பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் பெண்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தடுப்பையே பார்ப்பார்கள். என்ன எரிச்சல் தெரியுமா அது? வீட்டுக்குப் போய் அதே பக்கத்தை நாலு தடவை படிப்பேன்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் விடுதிக் கிணறு வற்றியது. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளி. போர்வெல் போடும் பேச்சை நிர்வாகம் தள்ளிக்கொண்டே போனது. அந்த நாவலின் நடையில் எப்படி எழுதுவது என்று காட்டுவதற்காக யூனிஸ் ஒரு பக்கம் எழுதி, சைக்ளோஸ்டைல் பிரதிகள் எடுத்து வகுப்பில் கொடுத்தாள். தலைப்பு, 'தாகத்தின் நன்மைகள்.' விடுதிப் பெண்களுக்கு அந்த ஒரு வாளியும் அதிகம். மயங்கி விழுகிறவர்கள் பொறுமையில் தேறியவர்கள். விழாதவர்களுக்கு இன்னும் பயிற்சி தேவை. இந்த ஞானத்தை அருளிய நிர்வாகத்துக்கு நன்றி. இப்படியே போகும். அன்றைக்குச் சிரிப்பு பத்து நிமிஷம் அடங்கவில்லை.

அதே வாரம் மெட்டில்டா என்ற பெண் மாடிப்படியில் மயங்கி விழுந்து மண்டையில் அடிபட்டாள். படப்பையிலிருந்து அவள் பெற்றோர் ஆட்களோடு வந்துவிட்டார்கள். கல்லூரிச் செயலாளர் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் முழித்தார். நான் அந்தப் பக்கத்தை ஓர் உறையில் போட்டு அவருக்கு அனுப்பினேன். கூடவே நாலு வரி: தண்ணீரைக் குறைக்கச் சொல்லி எழுதுகிற ஆசிரியை ஒருத்தி இருக்கிறாள், விடுதியில் யார் யார் அவள் பேச்சைக் கேட்கிறார்களோ. கையெழுத்துப் போடவில்லை.

யூனிஸை விசாரித்தபோது செயலாளர் என்னையும் கூப்பிட்டார்.

"சார், இது வெறும் கிண்டல்னு இவங்க சொல்றாங்க. நீங்கதான் டிபார்ட்மென்ட்ல சீனியர். இதுல கிண்டல் இருக்கா?"

யூனிஸ் என்னையே பார்த்தாள். ஜூனில் அவளை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள்.

"எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலைங்க" என்றேன்.

அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். பெற்றோர்களும் சமாதானமாகிப் போனார்கள். குற்றவாளி கிடைத்துவிட்டதால் போர்வெல் பேச்சு அப்படியே நின்றது. இந்தக் கோடையில் அதே விடுதியில் கன்னியம்மா என்ற பெண் மயங்கி விழுந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை. அதற்காகத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

யூனிஸ் இப்போது திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறை ஆபீசில் டைப் அடிக்கிறாளாம். போகிற அன்று வராந்தாவில் என்னை நிறுத்தினாள். அழுகை இல்லை.

"இருபது வருஷத்துக்கு மேல அந்த புக்கைத்தானே சார் நடத்துறீங்க? உங்களுக்கா தெரியாது? தெரிஞ்சுகிட்டே ஏன் சார் பொய் சொன்னீங்க?"

பொய்யன் என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

கடிதம் எழுதியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கன்னியம்மா செத்ததில் எனக்குப் பங்கு உண்டு என்றாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொய் சாட்சி சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பக்கத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.