கிணற்றுக்குள் என்ன இருக்கிறது?

2004 ஜூலை 11, ஞாயிறு, காலை 9.40. வெயில் ஏறிவிட்டது, காற்று இல்லை. ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகும் பஸ்ஸில் தேவிகாபுரத்துக்கு டிக்கெட் வாங்கியிருந்தேன். முன்சீட்டில் இரண்டு கல்லூரி மாணவர்கள். கண்ணாடி போட்டவன் சொன்னான்:

"கிணத்துல என்ன இருக்குதுன்னு கேட்டானுங்க மச்சான். எனக்கே தெரியல."

"நீதான கதை சொல்றவன்? போன வாரம் கோட்டை, கிணறுன்னு நீயே கட்டி உட்டுட்டு முழிச்சிகினு இருந்த. இன்னிக்கும் முழிச்சின்னா நாங்க நாலு பேரும் கிரிக்கெட்டுக்குப் போயிடுவோம். அப்புறம் உன் ஆட்டத்துக்கு எவனும் வரமாட்டான்."

ஒருவன் கதையை நடத்த, மற்றவர்கள் அதற்குள் வீரர்களாகிப் பகடை உருட்டும் ஆட்டமாம்.

கண்ணாடிக்காரன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தான். "இது ரெடிமேட் கதைடா. ஒவ்வொரு ரூமுக்கும் நம்பர் இருக்கு. கட்டம் கட்டினத உங்களுக்குப் படிச்சிக் காட்டணும். கீழ இருக்கறது எனக்கு மட்டும். எவன் ஒளிஞ்சிகினு இருக்கான், நீங்க சண்டைக்குப் போனா என்ன பண்ணுவான், எல்லாம் போட்டிருக்கு."

"அப்ப நீ எதுக்கு? நானே படிச்சிக்கிறேன்."

"டிசைனுக்கு ஓட்ட போட்ட ஜக்கார்டு அட்டைய தறியில மாட்டிட்டா சேலை தானா வந்துடுமா? உங்கப்பா உக்காந்து நெய்யணும்ல?"

"சரி, இதுலயும் கிணறு இருக்குதா?"

"இருக்குது."

"உள்ள என்ன?"

அவன் பக்கத்தைப் பார்த்தான், சிரித்தான், புத்தகத்தை மூடி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"இறங்கிப் பாரு, சொல்றேன்."

கிணற்றுக்குள் என்ன என்று கேட்கக் காத்திருந்ததில் நான் இறங்க வேண்டிய தேவிகாபுரம் எப்போதோ தாண்டிவிட்டது. சேத்துப்பட்டு வரை அவன் அந்தப் புத்தகத்தின் மேலிருந்து எழவில்லை. கூடுதல் தூரத்துக்கான டிக்கெட்டும் தேவிகாபுரத்துக்குத் திரும்பி வர எடுத்த டிக்கெட்டும் சேர்த்து எனக்கு ஏழு ரூபாய் செலவு.