துணி அறைக் கதவு

உட்காருவதுதான் என் தொழில், சார். பத்தொன்பது வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் துக்கத்தைக் கேட்டதில் இடுப்பு போய்விட்டது. நின்றுகொண்டே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தையல்காரி கவுன்சிலிங்குக்கு வந்த புதிதில், ஊசியை எடுத்தாலே கை நடுங்கும். அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியில் தீப்பிடித்தபோது ஓடிவந்து தப்பித்தவள். பக்கத்து மெஷின்காரி, சுருட்டை என்று கூப்பிடுவார்களாம், துணி வைக்கும் அறையில் மாட்டிக்கொண்டு செத்துப்போனாள்.

"அவ கூப்பிட்டது காதுல விழுந்துச்சுக்கா. நான் திரும்பிப் பாக்கல."

மாதக்கணக்கில் இதையேதான் சொன்னாள். நான் அவசரப்படுத்தவில்லை. ஓடியது உடம்பின் பயம், மனசின் துரோகமில்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரியவைத்தேன். முதலில் தூக்கம் திரும்பியது, பிறகு பசி. ஒரு நாள் என் கைப்பையின் வார் பிரிந்திருந்ததைப் பார்த்தவள், கேட்காமலே தைத்துக் கொடுத்தாள். கை நடுங்கவில்லை.

ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி என்பார்கள். குணமானவர்கள் என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பழகிவிட்டது. வீட்டிலும் சாப்பிட்டாயா என்று கேட்க நாதியில்லை. இவள் கேட்பாள்.

அவள்தான் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "இனிமே வரவேண்டியிருக்காதுன்னு தோணுதுக்கா."

"சந்தோஷம்மா. ஒண்ணுதான் நாம இன்னும் பேசல. அந்த ரூம் தாழ்ப்பாளை யாரு போட்டது?"

சிரிப்பு நின்றது. "தாழ்ப்பாளா?"

"அவசரமில்ல. அடுத்த வாரம் வா, யோசிச்சுப் பாக்கலாம்."

வந்தாள். கண்ணை மூடச் சொல்லி, "கை எங்க இருக்கு? எதைத் தொடுது?" என்று மெதுவாகக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டால் கேள்விக்கேற்ற ஞாபகம் தானே முளைக்கும். ஆறாவது வாரம் இரும்பு சுட்டது என்றாள். ஒன்பதாவது வாரம், புகை தன் பக்கம் வராமலிருக்கத் தாழ்ப்பாளைப் போட்டதே தான்தான் என்றாள். அழுதாள். தண்ணீர் கொடுத்தேன். பழையபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சுருட்டையின் அம்மா காலில் போய் விழுவாள் என்றோ, அங்கிருந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, கொலை செய்தேன் என்று எழுதிக் கொடுப்பாள் என்றோ நான் நினைக்கவில்லை.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது, சார். சூட்டில் நிலை வளைந்து கதவு இறுகிவிட்டது. தீயணைப்பு அறிக்கையின் நகல் முதல் மாதத்திலிருந்தே என் மேஜையில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் கேட்டேன்.

அவளை விட்டுவிடுங்கள். ஆனால் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள், தாங்கமாட்டாள். என்னிடம் அனுப்புங்கள். அவளைக் குணப்படுத்த என்னை விட்டால் வேறு யாருக்குத் தெரியும்?