விநாசித்தம்பியைக் குளிக்க வைத்த திட்டம்

காலைப் பசியாறலுக்கு முன் எல்லாரும் குளித்திருக்க வேண்டும் என்று நினைப்பது ஒன்றும் பேராசை இல்லை. பினாங்கு வெயிலில் குளிக்காத மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், புரியும். விசாரிக்க வந்த உங்களுக்கே வியர்க்கிறது. காற்றாடியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். நான் ஐரீன், இந்த முதியோர் இல்லத்தின் மேலாளர். ஒளிக்க என்னிடம் எதுவும் இல்லை.

விநாசித்தம்பி ஐயா பட்டர்வொர்த்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவர். மறதிநோய் முற்றிய பிறகு இங்கே வந்தார். ஊர், பேர் எல்லாம் மறந்தவர் கோபத்தை மட்டும் மறக்கவில்லை. குளிக்கக் கூப்பிட்டால் அடிப்பார். பணிப்பெண் ரொஸ்னாவின் கையைக் கடித்தே விட்டார். இப்படிப்பட்டவர்களுக்குக் குழுவாக உட்கார்ந்துதான் திட்டம் போட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். நான் விதியை மீறுகிற ஆள் இல்லை. தாதி, ரொஸ்னா, உடற்பயிற்சி சொல்லித்தரும் தனேஷ் எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக்கொடுத்துக் கூட்டம் போட்டேன். பாட்டுப் போடலாம், வெந்நீர் வைக்கலாம் என்றார்கள். செய்து பார்த்தோம். வாளிதான் உடைந்தது.

ஒருநாள் பக்கத்து அறைக்காரர் இறந்துபோனார். சேதி காதில் விழுந்ததும் ஐயா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தானாகவே குளியலறைக்குப் போனார்.

"சாவுன்னா நாங்க குளிப்போம்லா அக்கா," என்றான் தனேஷ்.

நான் கத்தோலிக்கப் பெண். சாவுச் சேதி வந்தால் நாங்கள் செபமாலையை எடுப்போம், சோப்பை எடுப்பதில்லை. ஆனால் பிறர் மதத்தை மதிப்பவள். அடுத்த கூட்டத்தில் திட்டம் தயாரானது.

முதலில் தூரத்துச் சொந்தத்தில் ஒருவரைச் சாகடித்தோம். ஐயா சற்று யோசித்து, "அவனோ? அவனுக்குக் கால் கழுவினாக் காணும்," என்று காலை மட்டும் நீட்டினார். நினைவு போனாலும் முறை தவறாத மனிதர். பிறகுதான் அவர் மனைவி கமலாம்பிகை இறந்துவிட்டதாகச் சொன்னோம்.

அன்று அவர் யாரையும் அடிக்கவில்லை. "கமலம் போயிட்டாவோ?" என்று மட்டும் கேட்டார். அழுதுகொண்டே தலைமுழுகினார். குழுவில் எல்லாருக்கும் நிம்மதி. மறுநாள் அவருக்கு எதுவும் நினைவில்லை. ஆகவே மறுபடி சொன்னோம். தினமும் சொன்னோம். எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் என் கண்டிப்பு. ஒரு காலை ரொஸ்னா மாட்டேன் என்று அழுதாள். குழு வேலையில் தனிப்பட்ட உணர்ச்சிக்கு இடமில்லை என்று பக்குவமாக எடுத்துச்சொல்லி, நானே போய்ச் சொன்னேன்.

சிக்கல் கமலாம்பிகை அம்மாதான். பாயான் பாருவிலிருந்து பஸ் பிடித்து, மாலையில் புட்டு அவித்துக்கொண்டு வருவார். சேதி மறந்தாலும் துக்கம் ஐயாவின் மனதில் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. அம்மாவைப் பார்த்து, "செத்த வீட்டுக்கு வந்தனீங்களோ?" என்று கேட்டார்.

"ஏன் பிள்ளை, என்னை ஆரோ மாதிரிப் பார்க்கிறார்?" என்று அம்மா என்னிடம் கேட்டார்.

"நோய் முத்திருச்சு ஆன்ட்டி. உங்களப் பார்த்தா குழம்புறாரு. கொஞ்ச நாள் வராம இருங்களேன்," என்றேன். அம்மா சொன்ன பேச்சைக் கேட்பவர். வரவில்லை.

பிறகு ஐயா சாப்பிட மறுத்தார். பிணம் எடுக்காத வீட்டில் சாப்பிட மாட்டாராம். "எப்ப எடுக்கிறீங்கள்?" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கும் கூட்டம் போட்டோம். அம்மாவை வரச்சொல்லுங்கள், சாவுப் பேச்சை விட்டுவிடலாம் என்று ரொஸ்னா கெஞ்சினாள். விட்டிருந்தால் சாப்பிட்டிருப்பார், எனக்கும் அது தெரியும். ஆனால் குளிக்க மாட்டாரே.

கடைசிக் காலையிலும் நான்தான் சொன்னேன். அழத் தெம்பில்லை, தலையை மட்டும் குனிந்துகொடுத்தார். மத்தியானம் போய்விட்டார். அவரைக் கொன்றது நோய் இல்லை, நான். அப்படியே பதிந்துகொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை.

அம்மா வந்து அவர் நெற்றியைத் தடவினார். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. "நான் இருக்கிறன் எண்டு இவருக்குத் தெரியுமோ பிள்ளை?" என்று கேட்டார்.

"காலையில சண்டையே போடாம குளிச்சாரு ஆன்ட்டி," என்றேன். எந்த மனைவிக்கும் அது ஆறுதலாகத்தான் இருக்கும்.