கடலில் போத்தல் விட்ட சாஹுல் ஹமீட்

தலைமைக் கதிரையில் அமர்ந்திருக்கும் மணியகாரர் அவர்களே! அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும் பள்ளிவாசல் ஹாஜியார் அவர்களே! இடப்புறம் வீற்றிருக்கும் கோயில் சுவாமியார் அவர்களே! முருங்கனிலிருந்து வண்டி கட்டி வந்த பெரியோர்களே, சிலாபத்துறையிலிருந்து வள்ளம் ஏறி வந்த சம்மாட்டிமார்களே, சுழியோடிகளே, மன்னார்ப் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் வலன்ரைனின் வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். கடலாராய்ச்சிக் கந்தோரில் பதினேழு வருடமாக இலிகிதர் வேலை பார்ப்பவன். அந்தப் பதினேழு வருடமும் எனக்கு எதிர் மேசையில் இருந்தவர் ஆராய்ச்சி உதவியாளர் மர்ஹூம் சாஹுல் ஹமீட் அவர்கள். சென்ற மாதம் காய்ச்சல் அவரை நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது. துக்கமாகப் பேசவேண்டும் என்று இரண்டு தாள் எழுதி வந்தேன். ஆனால் அவரை நினைத்தால் முதலில் சிரிப்பல்லவா வருகிறது! நான் என்ன செய்ய?

எப்படிப்பட்ட மனிதர் அவர்! பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரத்தைத் தொடாமல், கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று குப்பியில் அள்ளிப் பார்த்தவர். "மாப்பிள்ளை எங்கட பிள்ளையைப் பாக்க வந்தவரோ, கிணத்தைப் பாக்க வந்தவரோ?" என்று மாமனார் கேட்டாராம். இரண்டும் நல்லதென்று சொல்லி உம்மு ஸல்மா அவர்களைக் கைப்பிடித்தார். கிணற்றைப் பற்றி அவர் குறித்துவைத்த தாள் இன்றும் கந்தோர் அலுமாரியில் இருக்கிறது.

கனவான்களே! ஐந்து வருடத்துக்கு முன், முப்பத்திரண்டாம் ஆண்டில் நடந்ததை இந்தச் சபையில் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன். ஒரு கம்பனி கல்லிப் பாரை இயந்திரம் வைத்து வாரக் கேட்டது. பார் என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொழும்பிலிருந்து வந்திருக்கும் பத்திரிகை நண்பருக்காகச் சொல்கிறேன்: கடலடியில் முத்துச் சிப்பி ஒட்டி வளரும் கல் நிலம். கல்லிப் பாரில் முத்து எடுத்தவர் எவருமில்லை. ஆகவே அது சுண்ணாம்புக்கு மட்டுமே உதவும் என்றது கம்பனி. சாஹுல் ஹமீட் என்ன சொன்னார்? அங்கே பிறக்கும் குஞ்சுகள்தாம் நீரோட்டத்தில் மிதந்து வந்து முசலிக் கரையோரப் பார்களில் ஒட்டிக்கொள்கின்றன. தாயை வாரிவிட்டால் பிள்ளை எங்கிருந்து வரும் என்று கேட்டார்.

எங்கள் துரை நல்லவர். ஆனால் துரையல்லவா! "அத்தாட்சி எங்கே?" என்றார். கொழும்புக்கு அறிக்கை அனுப்ப ஆவணி முடியும்வரை தவணை கொடுத்தார். முத்துக் குளிக்கும் சிலாபத்துறைச் சுழியோடிகளிடம் போய், "பயப்பிடாதேங்கோ, நான் காட்டித் தாறன்" என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். நூறு குடும்பத்தின் சோறு அந்த ஒரு வாக்கில் தொங்கியது.

அத்தாட்சிக்கு அவர் கண்ட வழி போத்தல். இலக்கமிட்ட தாளை உள்ளே போட்டு, அடைத்து, கல்லிப் பாரின் மேல் கடலில் விடுவது. போத்தல் போகும் வழிதானே குஞ்சு போகும் வழி! கண்டெடுப்பவர் எங்கே, எப்போது என்று எழுதிக் கந்தோரில் கொடுத்தால் ஒரு கட்டுத் தூண்டில் பரிசு. இருநூறு போத்தலுக்குக் கந்தோரில் ஏது வசதி? சாராயப் போத்தல், பன்னீர்ப் போத்தல், மருந்துப் போத்தல் என்று வீடு வீடாக இரந்து சேர்த்தார். அடைப்பதற்கு அரக்கு இல்லை. சுவாமியாரிடம் போய்க் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை வாங்கி வந்து உருக்கினார். தூரத்தில் தெரியட்டும் என்று ஒவ்வொன்றின் கழுத்திலும் பச்சைத் துணி கட்டினார். சோளகக் காற்றுத் தொடங்கியதும் கொண்டுபோய் விட்டார்.

ஒரு மாதம் போயிற்று. ஒரு போத்தலும் வரவில்லை. இரண்டு மாதம் போயிற்று. வரவில்லை! தூண்டில் கட்டுகள் துருப்பிடித்தன. ஆவணி முடிய இருபது நாள் இருக்கையில், "ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதப் போகிறேன்" என்றார் துரை. அன்றுதான் சாஹுல் ஹமீட் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு, பல மாதத்துக்குப் பிறகு பூசைக்குப் போனேன். முழந்தாளிட்டுக் கண்ணைத் திறந்தால், அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் ஒரு வரிசை போத்தல்! நடுவிலே என் மனைவி செலீனா இருமலுக்குக் குடித்த மருந்துப் போத்தல்! சுவாமியார் அவர்களே, அன்று உங்கள் பிரசங்கத்தின் நடுவே நான் எழுந்து ஓடியதற்குக் காரணம் வயிற்றுவலி அல்ல. இன்றைக்குச் சொல்லிவிட்டேன், பாரம் குறைந்தது.

நம் கரை வழக்கம் உங்களுக்குத் தெரியும். கடலில் ஆபத்து வந்தால் நேர்த்தி வைத்துக் காணிக்கையைப் போத்தலில் அடைத்து மிதக்கவிடுவோம். கண்டவன் அதைத் திறக்கக்கூடாது. உரிய இடத்தில் சேர்க்கவேண்டும். கோயில் மெழுகின் வாசத்தை மோந்த நம் ஆட்கள் வேறென்ன நினைப்பார்கள்? அந்தோனியாருக்குக் கொண்டுபோனார்கள். சாஹுல் ஹமீடிடம் சொன்னேன். தலையில் கைவைத்துச் சிரித்தார். "அப்ப பச்சைத் துணியைக் கண்டவை எங்க கொண்டுபோயிருப்பினம்? வாங்கோ, எங்கட பள்ளியிலயும் ஒருக்காப் பாப்பம்!" என்றார். கோயிலில் முப்பத்தெட்டு. பள்ளிவாசலின் பின்னறையில் இருபத்துமூன்று. மன்னார்க் கடலின் நீரோட்டம் முழுவதும் ஆண்டவனிடம் போய்ச் சேர்ந்திருந்தது!

துரை சிரிக்கவில்லை. எந்தக் கரையில் ஒதுங்கியது என்று தெரியாத போத்தலால் என்ன பயன் என்றார். சாஹுல் ஹமீட் என்ன செய்தார்? ஒரு கழுதையைப் பிடித்து, அறுபத்தொரு போத்தலையும் சாக்கில் கட்டி ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நானும் போனேன். தொப்பி போட்ட முஸ்லிம் கனவான் ஒருவர் சாராயப் போத்தல் கலகலக்கக் கழுதையோடு போனால் கலால்காரன் விடுவானா? வழியில் மறித்தான். "உள்ளுக்கு என்ன?" என்றான். "கடல்" என்றார் இவர். அந்த ஒரு சொல்லுக்காக அரை நாள் வெயிலில் நின்றோம்.

ஆனால் மக்களே, அந்த இரவல் போத்தல்கள்தாம் எங்களைக் காப்பாற்றின! கந்தோர் ஒரே மாதிரிப் போத்தல் தந்திருந்தால் யாருக்கு அடையாளம் தெரிந்திருக்கும்? ஓலைத்தொடுவாயில் யாகப்பர் ஒரு பன்னீர்ப் போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை எடுத்தவன் நான்தான். திருநாள் கொடியேற்றத்துக்கு முதல் நாள். தெற்கு மீன்வாடியடியில கிடந்தது. நேர்த்திச் சாமான் எண்டு முழங்காலில நிண்டு செபிச்சுப்போட்டுத்தான் தொட்டனான், மறப்பனோ?" என்றார். பரிசுக்காக எடுத்திருந்தால் மறந்திருப்பார்கள். பக்தியோடு எடுத்தார்கள்; இடமும் நாளும் மனத்தில் நின்றன. சிலாபத்துறையில் சித்தி மரியம் என்ற தாயார் மூன்று போத்தலுக்கு இடம் காட்டினார். ஒன்பது நாள் நடந்தோம். நாற்பத்தெட்டுப் போத்தலுக்கு இடம் கிடைத்தது. அதில் முப்பத்தொன்று முசலிக் கரையில், பார்களுக்கு நேரே!

மிச்சம் பதின்மூன்று. அவற்றை எடுத்தவர்களைக் காணவில்லை. எனக்குப் பேராசை. "ஹமீட், இந்தப் பதின்மூண்டையும் முசலியில எழுதிவிடுங்கோ, ஆருக்குத் தெரியும்?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றும் சுடுகிறது. "எனக்குத் தெரியுமே, வலன்ரைன்" என்றார். பதின்மூன்று வரியிலும் 'தெரியாது' என்று எழுதினார். மெழுகும் துணியும் தன் பிழை என்பதையும் எழுதினார். துரை அறிக்கையைப் படித்தார். அந்தப் பதின்மூன்று வரிகளில் விரலை வைத்து, "இதை எழுதிய மனிதனின் மற்ற நாற்பத்தெட்டையும் நான் நம்புகிறேன்" என்றார். கல்லிப் பாரை ஐந்து வருடம் யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது!

படித்த பட்டம் ஒன்றுமில்லை. சீமைக்குப் போனவர் இல்லை. ஆனால் இந்தக் கடலை அவரைப்போல் கேள்வி கேட்டவர் யார்? அது சொன்ன பதிலை அவரைப்போல் கூட்டாமல் குறைக்காமல் எழுதியவர் யார்? அவர் இல்லாத எதிர் மேசையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அதை மறைத்து என்ன பயன்?

அன்பர்களே, ஐந்து வருடம் வருகிற தையோடு முடிகிறது. கம்பனி மறுபடி மனுப் போட்டிருக்கிறது. துரை மறுபடி அத்தாட்சி கேட்கிறார். இம்முறை நானூறு போத்தலை அவரே கழுவிக் காயவைத்து, இலக்கம் போட்டு அடுக்கிவிட்டுத்தான் காய்ச்சலில் படுத்தார். வருகிற திங்கள் விடியற்காலை வள்ளம் போகும். வள்ளத்தில் நான் போவேன். சிரிக்காதீர்கள்! கரையில் நின்று அலையைப் பார்த்தாலே வாந்தி எடுப்பவன் நான் என்பது ஊரறிந்தது. இருந்தாலும் போவேன். வாந்தி எடுத்துக்கொண்டே விடுவேன்.

ஆனால் எடுப்பதற்குக் கரையில் ஆள் இல்லாவிட்டால், கடலில் விட்டு என்ன பயன்? கோயிலில் கொடுங்கள், பள்ளிவாசலில் கொடுங்கள், எங்கே வேண்டுமானாலும் கொடுங்கள். எந்த இடம், எந்த நாள் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். அவரவர் கரையை இந்தப் பருவம் முழுவதும் பார்த்துக்கொள்வோம் என்று வாக்குத் தருபவர்கள் கையை உயர்த்துங்கள்!

ஓலைத்தொடுவாய்... சிலாபத்துறை... யாகப்பர், உங்களுக்கு ஒரு கை போதும், இரண்டையும் தூக்கவேண்டாம். சுவாமியாரும் ஹாஜியாருமா! இன்னும் உயர்த்துங்கள், பின்னால் இருப்பவர்களும்.

ஜவாஹிர், எழும்பி நில்லுங்கோ. உங்கட உம்மா வாப்பாவுக்காக இத்தாவில வீட்டோட இருக்கிறா, இங்க வர ஏலாது. நீங்கள் ஒருக்காத் திரும்பி இந்தச் சனத்தை வடிவாப் பாருங்கோ. வீட்டை போய் அவவிட்டச் சொல்லுங்கோ, வாப்பா குடுத்த வாக்கை இப்ப இவ்வளவு பேர் வைச்சிருக்கினம் எண்டு.