பொம்மை மூச்சு விடுது

— நான் சின்னவன்தான். வயசு இருபத்திமூணு. சலவைக் கம்பெனி ஆளுங்க தங்குற கட்டடம், மூணாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். போதுமாக்கா? சத்தியமா, இன்னும் என்னதான் சொல்லணும்?

— எனக்கு எதுக்குடா லூசு? அம்மாவுக்குத்தான். நீ அனுப்புறதை அப்படியே சத்தமா படிச்சுக் காட்டுறேன். உதட்டைப் பிதுக்குறாங்க. இதெல்லாம் போன்லயே இருக்கும், போனை எடுத்தவன் எவன் வேணா எழுதுவான்கிறாங்க.

— எவன் எடுத்தான்? நான்தான் எழுதுறேன். ரெண்டு கையும் கட்டு, வாயால சொல்லச் சொல்ல போன் டைப் பண்ணிக்குது.

— அதான் வினையே. நீ என்னைக்குடா இவ்ளோ சுத்தமா எழுதியிருக்க? ஸ்டீம் பைப் வெடிச்சதே உன் ரூம்காரன் பொண்டாட்டி வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நீ பாட்டுக்கு நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு அனுப்பிட்டு இருந்த.

— நீங்க பயந்துடுவீங்கன்னுதான்.

— இப்ப ரொம்ப தைரியமா இருக்கோம், போடா.

— நேத்து வீடியோவுல வந்தேனே!

— என்னத்த வந்த? மூஞ்சி முழுக்கத் துணி. உதடு வீங்கி, குரலும் உன்னுது மாதிரி இல்ல. என் புள்ள போயிட்டான், யாரையோ உக்கார வெச்சு ஏமாத்துறாங்கன்னு எழுந்து போயிட்டாங்க.

— அடுத்த மாசம் கட்டைப் பிரிச்சிடுவாங்கக்கா. அப்ப பாக்கட்டும். ஆமா, நீ பேசி அனுப்புறதுல பின்னாடி கொர்ருன்னு என்ன சத்தம்?

— உன் லேப்டாப்தான். அதைக் கேக்கத்தான் உன்னைப் பிடிச்சேன். அடுப்பு மாதிரி கொதிக்குது. கருகின வாசனை வேற.

— கேம் ஓடுதா? யாரு விளையாடுறா?

— யாரும் விளையாடல. அம்மா போட்டு விட்டுட்டு பாத்துக்கிட்டே இருக்காங்க. அதுல நீ ஓட்டுற பொம்மை ஆளு நிக்கிறான் இல்ல, சும்மா விட்டா நெஞ்சு ஏறி ஏறி இறங்குமே. மூச்சு விடுறான் பாருடிங்கிறாங்க. லேப்டாப்பை உன் கட்டில்ல, உன் தலையணை மேல வெச்சு, குளிருமேன்னு உன் போர்வையைப் போத்தி விட்டிருக்காங்க.

— போர்வையா? அக்கா, காத்து போற ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும்! பேட்டரி வெடிச்சா கட்டிலோட எரியும். நான் வெந்தது போதாதா? முதல்ல அதை அணை.

— கிட்டப் போனா கையைத் தட்டி விடுறாங்கடா. மூச்சை நிறுத்தாதன்னு கத்துறாங்க. நேத்து சூடு தாங்காம அதுவே அணைஞ்சு போச்சு. அவங்க அழுத அழுகையில மேல் வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க.

— சத்தியமா பயமா இருக்குக்கா. சரி, ஒண்ணு பண்ணு. அடியில தொட்டுப் பாரு. சூடாகாம இருக்கட்டும்னு பின்பக்கம் ரெண்டு பாட்டில் மூடி ஒட்டியிருப்பேன். ஒண்ணு நீலம், ஒண்ணு வெள்ளை. அதை எந்தப் போன்லயும் பாக்க முடியாது.

— இரு... ஸ்ஸ், சுடுது. ஆமாடா! நீலம் இருக்கு. வெள்ளையும் இருக்கு. அம்மா, இங்க வந்து பாரும்மா! இது அவனைத் தவிர யாருக்குத் தெரியும்?

— கூடத் தங்கினவன்கிட்ட சொல்லியிருப்பான்டி. எதை உள்ள வெச்சுக்குவான் அவன்? ஓட்ட வாய்.

— அம்மா! நான்தாம்மா. சத்தியமா நான்தான். நம்பலைன்னா போகுது, அதை மட்டும் அணைச்சிடும்மா. நீயும் அக்காவும் தனியா இருக்கீங்க. தீப்பிடிச்சா நான் இங்கேர்ந்து என்னம்மா பண்ணுவேன்? என்னால கையைக் கூட மடக்க முடியல.

— போனை இப்படிக் குடுடி.

— அக்கா? அம்மாகிட்ட குடுத்துட்டியா? அம்மா, படிச்சியா?

— படிச்சேன். அணைச்சுட்டேன். போர்வையையும் மடிச்சு வெச்சுட்டேன்.

— அப்பாடா. இப்பத்தான்மா எனக்கு உசுரே வந்துச்சு. இப்பவாவது நம்புறியா?

— பதறாதீங்க தம்பி. எங்களுக்காக இவ்ளோ துடிக்கிறீங்களே, உங்களைப் பெத்தவ நல்லா இருக்கணும். நீங்க யாரா இருந்தாலும் சரி, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தப் பொம்மையை நிறுத்திட்டேன் இல்ல, இனிமே தினமும் நீங்க இதே மாதிரி ரெண்டு வரி எழுதுங்க.